மரம் வெட்ட வந்தவர்

மில்லிக்கன் புறநகரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் வெயிலை மறைக்கிறதென்று, அதை வெட்ட ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். நரைத்த மீசை, சேறு காய்ந்த சப்பாத்து. மெசின் வாளை இறக்காமலே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலிக்கு மேலால் அயல் வளவுகளைப் பார்த்தார்.

“என்ன அண்ணை பாக்கிறியள்?”

“ஏழு வளவிலையும் மரம் ஒரே நேரா நிக்குது, தங்கச்சி. முந்தி இது கமம், பயிர் செய்த நிலம். காத்து மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் ஆரோ ஒரு கமக்காரன் வரிசையா வைச்சிருக்கிறான். உந்த மரத்தை வெட்டினா வரிசையிலை ஓட்டை விழும்.”

“இப்ப இஞ்சை கமம் இல்லையே?”

“மண் இருக்குத்தானே.”

பட்ட கொப்பை மட்டும் அரிந்தார். போகும்போது சப்பாத்தில் ஒட்டிய மண்ணை மரத்தடியிலேயே தட்டிவிட்டு லொறியில் ஏறினார்.

இப்போது நானும் என் சப்பாத்து மண்ணை அங்கேதான் தட்டுகிறேன்.