ஃபிரிட்ஜ் சுருதி

சத்தியமாக நடந்தது. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே, "போய் வேலையப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். இது என் கூடப்பிறந்த தம்பிக்கு, அதுவும் பட்டப்பகலில் நடந்தது. அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள்.

தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். அப்போது அவன் மனைவியைப் பறிகொடுத்து இரண்டு மாதம். நுரையீரலில் நோய். கடைசி நாட்களில் ஒரு வரி பாடுவதற்குள் மூன்று முறை மூச்சு வாங்குவாள். அப்படியும் பாடினாள். நாலு வயது மகள் அந்தப் பாட்டில்லாமல் மத்தியானம் கண்ணை மூடமாட்டாள். "சிட்டு வெயிலே, சுவரேறு..." என்று அம்மாவே கட்டிய பாட்டு. சமையலறை ஃபிரிட்ஜின் ரீங்காரத்தில் சுருதி பிடித்துத்தான் ஆரம்பிப்பாள். "எங்க வீட்டுத் தம்புரா இருநூறு லிட்டர்" என்று கேலி வேறு.

அவள் போனபிறகு தம்பி பாடிப் பார்த்தான். அவனுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். குழந்தை அவன் வாயைப் பொத்திவிட்டாள்.

"இது அம்மா பாட்டு இல்ல."

அவன் நொறுங்கிப்போனான். குழந்தை பகல் தூக்கத்தையே விட்டுவிட்டாள். மத்தியானம் முழுக்க விசும்பல்.

எதிர்வீட்டுக்காரர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். தெருவில் அவருக்குப் பெயரே 'காது' அண்ணன்தான். அவர் ஒரு வழி சொன்னார்.

"ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னு ம்ம்ம்னு பிடிங்க. சேரலைன்னா ஒரு அலை கேக்கும். வவ்... வவ்...னு. சேரச் சேர மெதுவாகும். நின்னுடுச்சுன்னா சுருதி சேந்துடுச்சு."

"எனக்குக் கேக்குமா, அண்ணே?"

"கேக்கும். ரெண்டு சத்தம் இருந்தாத்தான் அந்த அலை வரும். அத மட்டும் கவனிங்க."

தினமும் மதியம் 2.40க்கு, அவள் பாடுகிற அதே நேரத்தில், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றான். செல்போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, மறுபடி நின்றான். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அலை கேட்டது. அப்புறம், தன் குரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்றும் தெரிய ஆரம்பித்தது.

பத்தொன்பதாவது நாள். செவ்வாய்க்கிழமை. 2.40.

பதிவை ஓடவிட்டு, பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். ம்ம்ம்...

வவ்... வவ்... வவ்...

கொஞ்சம் ஏற்றினான். அலை மெதுவானது. சந்தோஷத்தில் கண்ணைத் திறந்தான்.

ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

அன்று காலையில்தான் அந்த ரீங்காரம் போடும் கம்ப்ரஸரை அவனே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தான்; பழக்கத்தில் அதை மறந்தே போயிருந்தான்.

ரீங்காரம் இல்லை.

அலை மட்டும்...

வவ்...... வவ்......

ரெண்டு சத்தம் இருந்தாத்தான் அந்த அலை வரும்.

"நீயா?" என்று கேட்க வாய் வரவில்லை. பேசினால் ம்ம்ம் நின்றுவிடும். நின்றால் அவளும்...

பாட்டை எடுத்தான். சிட்டு வெயிலே...

அலை நின்றது.

சுருதி சேர்ந்துவிட்டது. அவள் குரல் இவன் குரலுக்குள் கரைந்து, கேட்காமல் போய்விட்டது.

பதறிப்போய், வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தினான்.

வவ்...

இருக்கிறாள்!

அப்படியே தப்பாகப் பாடிக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரமோ.

உள்ளறையிலிருந்து குழந்தையின் குரல்.

"அப்பா... சரியாப் பாடு. தூக்கம் வருது."

அழுதுகொண்டே குரலைச் சரிசெய்தான்.

அலை நின்றது.

2.51. குழந்தை தூங்கிவிட்டாள்.

அதன்பிறகு எத்தனையோ மத்தியானம் அங்கே நின்று தப்புத்தப்பாகப் பாடிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பதிவை மறுவாரம் காது அண்ணனிடம் கொடுத்தோம். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டார். பிறகுதான் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டு குரல் இருக்கு. ஒண்ணு நீங்க."

"இன்னொண்ணு?"

"பொம்பளக் குரல். பதினோரு நிமிஷம். நீங்க வரிக்கு வரி மூச்சு எடுக்குறீங்க..." தண்ணீர் குடித்தார். "அவங்க ஒரு எடத்துலகூட எடுக்கல."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் போல அழுதபடி அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

"மூச்சு வாங்கலதானே, அண்ணே? அவளுக்கு மூச்சே வாங்கலதானே?"