புகைக்குழாயில் பூசிய களிமண்

இன்று காலை மகன் வாசலில் வந்து நின்றபோதே அவன் சட்டையிலிருந்து அந்த வாடை அடித்தது. மண்ணெண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாடை. செம்மேட்டுக்குப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில், பழம் உரிக்கும் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறான்.

"தலை கனமா இருக்குதுங்கப்பா. குளிருக்கு எஞ்சின் கொட்டாய்லயே படுத்துட்டேன்."

அவனைக் காற்றாட உட்காரவைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். யுத்த காலத்தில் புது எஞ்சினுக்கு எங்கே போவது? தோட்டக்காரர் கடற்கரையில் பழைய படகு எஞ்சின் ஒன்றை வாங்கி, கழற்றி, ஆள் வைத்துச் சுமந்து மலையேற்றியிருந்தார். புகைக்குழாயைத் தொட்டதும் விரலோடு துரு செதில் செதிலாக வந்தது. வளைவில் ஒரு வெடிப்பு. அதில் அடுப்புக்குப் பூசுகிற மாதிரி களிமண் பூசியிருந்தது. அதைப் பெயர்த்து எடுத்தேன்.

இளவயதில் நானும், எங்கள் மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த மாரியும் நாகப்பட்டினத்தில் ஒரு பாய்மரப் படகில் வேலை பார்த்தோம். மலைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் போனவன் என்று எஞ்சினை என்னிடம் ஒப்படைத்தார்கள். வாந்தியெடுத்த நேரம் போக மீதி நேரம் பார்த்துக்கொண்டேன். காற்று விழுந்தால்தான் எஞ்சின் ஓடும். புகைக்குழாயைக் குளிரவைப்பது கடல்தண்ணீர். அதே தண்ணீரின் உப்பு அதை உள்ளிருந்து தின்னும். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல குழாய். சொத்தென்றால் மாற்ற வேண்டும். ஆனால் படகை நடத்தும் தண்டல் தண்ணீர் தரமாட்டார்.

"குடிக்கவே காணோம், குழாய்க்குக் குளியலாடா?"

ஓடைத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு அது விளங்கவே நாளாயிற்று.

ஒருநாள் குழாய் சொத்தென்றது, வெடிப்பும் தெரிந்தது. அடுத்த துறையில் மாற்றலாம் என்றார் தண்டல். மாரி கரைக் களிமண்ணைக் குழைத்து வெடிப்பில் அப்பினான்.

"பொக நம்மள என்ன பண்ணும் பங்காளி? பொகையில்லாத ஊடு ஒண்ணு நம்ம மலைல காட்டு பாக்கலாம்."

அன்று சாயங்காலம் மழை. காற்று விழுந்து எஞ்சின் ஓடியது. நனைந்து வந்த மாரி கீழே எஞ்சின் அறைக்குள் இறங்கி, வீட்டில் அடுப்போரம் முடங்குவதுபோலக் குழாயோரம் முடங்கிக்கொண்டான். சோற்றுக்குக் கூப்பிட நான் இறங்கினேன். பெரிய புகை ஒன்றும் இல்லை. கண்கூட எரியவில்லை. களிமண் காய்ந்து அவன் தோள்மேல் உதிர்ந்து கிடந்தது. மேலே தூக்கி வந்து மழையில் கிடத்தினோம். கண்ணுக்குத் தெரியாத எஞ்சின் நஞ்சை மூச்சில் இழுத்தவன் எழவில்லை. கரையில் புதைத்துவிட்டு, அவன் அம்மாவிடம் சொல்ல நான் மட்டும் மலையேறினேன்.

கொட்டாயில் பெயர்த்த களிமண்ணை இன்று மகனிடம் நீட்டினேன்.

"ஏனுங்கப்பா, இதுக்கா ஓடுனீங்க? நம்மூட்டுல இல்லாத பொகையா?" என்று சிரித்தான்.

களிமண்ணை வாசலில் வீசிவிட்டு உள்ளே வந்தேன்.

நானும் மாரியும் போன படகை உடைத்து விறகாக்கிவிட்டார்களாம். தண்டலும் போய்ச் சேர்ந்துவிட்டார். மத்தியானம் மகன் அடுப்போரம் தூங்கினான். கதவைத் திறந்துவைத்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இடத்தில், அதே புகைக்குக் கீழே, சின்ன வயதில் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மாரியோடு அதுவும் போயிற்று.