புஷ்பா மிஸ்ஸின் குரலைப் பெட்டியில் போடலாமா?

இரண்டு மாதங்களுக்கு முன்பு முழங்காலைக் காட்ட டொக்டரிடம் போயிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்த டிஸ்பென்சரி. வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு அந்த இடம் தெரியும். மீதிப் பேருக்கு இன்னும் நோய் வருத்தம் வரவில்லை.

நம்பர் எடுத்துக்கொண்டு இருக்கிறேன். மேலே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் — "நம்பர் பதினாலு... மெதுவா வாங்க." பிறகு சிங்களத்தில் அதே நம்பர், அதே 'மெதுவா வாங்க' — "ஹெமின் என்ன."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எனக்கு நேர் எதிரே, ரிசெப்ஷன் மேசையில் இருந்து மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாய் நிறையப் பணிஸ். தலைக்கு மேலே அவருடைய குரல். நான் ஸ்பீக்கரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன ஐயா பாக்குறீங்க? இப்பதான் நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுறேன். அவ கூப்பிடட்டும்," என்றார்.

அவ! தன்னுடைய குரலுக்குத்தான் அப்படி ஒரு பெயர். எனக்கு இது போதாதா? மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் இப்படியான வார்த்தைகளைப் பொறுக்கித்தானே இந்தப் பத்தியை ஓட்டுகிறேன்...

இவர்தான் புஷ்பா மிஸ். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். டொக்டர் எப்போது வருவார், வந்தால் என்ன மனநிலையில் வருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஸ்பீக்கர் ஏற்பாட்டைச் செய்தவள் என் தங்கையின் மகள் தர்ஷிகா. பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பியூட்டர் கம்பெனியில் வேலை. டிஸ்பென்சரி வாசலில் சனம் முண்டியடிப்பதைப் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் ஒரு செயலி எழுதினாள். பட்டனை அழுத்தினால் நம்பர் வரும். முறை வந்ததும் திரையில் காட்டும், ஸ்பீக்கரில் கூப்பிடும். கூப்பிடும் குரலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பா மிஸ்ஸை இருத்தி எல்லா நம்பர்களையும் சொல்லவைத்துப் பதிவு செய்தாள்.

அவள் கேட்டது நம்பரை மட்டும்தான். 'மெதுவா வாங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர் தன் நம்பரைக் கேட்டதும் பதறி எழும்பி, அப்போதுதான் துடைத்த தரையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து புஷ்பா மிஸ்ஸால் நம்பரைத் தனியாகச் சொல்ல முடிவதில்லை. "அதை விட்டிட்டுச் சொல்லுங்கோ அக்கா" என்று தர்ஷிகா கேட்டுப் பார்த்திருக்கிறாள். "அது தானா வருதும்மா" என்று பதில். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த 'இருக்கட்டும்' பிறகு எவ்வளவு பெரிய சிக்கலாயிற்று தெரியுமா?

தர்ஷிகாவுடன் கம்பஸில் படித்த ஒரு பெண் இப்போது ஹட்டனில் டொக்டர். அங்கே நோயாளிகள் தூறலில் நனைந்தபடி வெளியில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே போய் இருந்தால் முறை போய்விடுமோ என்ற பயம். "உன்ர செயலியைத் தாவன்" என்று கேட்டிருக்கிறாள் சிநேகிதி. ஆனால் அந்தக் கிளினிக்கின் கொம்பியூட்டர் பொறுப்பாளர் கண்டிப்பான மனிதர். "பொதுக் கட்டலொக்கில் இருந்தால் போடுவோம். இல்லாவிட்டால் தொடமாட்டோம்."

"அதென்ன பிள்ளை கட்டலொக்?" என்று கேட்டேன்.

"குபெர்னெட்டிஸ் எண்டு ஒண்டு இருக்கு மாமா..."

பெயரைக் கேட்டதும் எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. ஆனால் கொழும்பில் இருப்பவனுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. ஒருகொடவத்தைப் பக்கம் போனால் கொன்டெய்னர்கள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? செயலி ஓடத் தேவையான எல்லாவற்றையும் அப்படி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். எந்தப் பெட்டி எந்தக் கொம்பியூட்டரில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் பதிலுக்கு இன்னொன்றை எங்கே ஏற்றுவது — இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்தான் குபெர்னெட்டிஸ். இப்படியான பெட்டிகளைப் பலரும் கொண்டுவந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடம் கட்டலொக். தேவையானவர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பெட்டி அவர் இடத்தில் இறங்கி ஓடத் தொடங்கும்.

"அப்ப பெட்டியை அனுப்ப வேண்டியதுதானே?"

"அனுப்பினனான். திரும்பி வந்திட்டுது."

கட்டலொக்கில் சேர்க்க முன்பு பரிசோதிப்பார்களாம். ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில் பெட்டியை இறக்கி, தானாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பார். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தர்ஷிகாவுக்கே தெரியாது. அவர் பெட்டியை இறக்கி ஓடவிட்டதும் திரையில் வந்த முதல் வசனம் என்ன தெரியுமா?

'டொக்டர் இன்று ஐந்து மணிக்குப் பிறகே வருவார்.'

எங்கள் டொக்டர் அங்கேயும் லேட்.

"எங்கட டிஸ்பென்சரியையும் சேர்த்துப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டன் மாமா," என்று தலையில் கை வைத்தாள். டொக்டரின் நேரம், இங்குள்ள பிரின்டரின் பெயர், ஞாயிறு லீவு... எல்லாம் உள்ளே இருந்தன. இங்கே ஓடும்போது அவையெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளும் அப்படித்தானே? எங்கள் குளியலறை ஹீட்டரின் சுவிட்ச் வெளியே, திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒருவர் போகும்வரை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, "உங்கட ஊர்ப் பழக்கமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். வெளியாள் ஒருவர் வந்து நடுங்கினால்தான் நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியவருகிறது.

தர்ஷிகா எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அந்தந்த இடத்துக்காரர் நிரப்புவதற்கு வெற்றிடங்களை விட்டு மறுபடி அனுப்பினாள். இந்த முறை பெட்டி ஓடியது. ஆனால் கேள்வி கேட்கும் மனிதர் இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தார். இந்தக் குரல் யாருடையது, அவருடைய சம்மதம் உண்டா? ஒவ்வொரு நம்பருக்கும் பின்னால் இன்னும் ஏதோ சொல்கிறாரே, அது என்ன?

ஆக, இருவருமாக டிஸ்பென்சரிக்குப் போனோம். நான் முழங்காலுக்கு, அவள் சம்மதத்துக்கு. கூட்டம் குறைந்த பின்னேரம்.

"என் குரல் ஹட்டனுக்குப் போகுதா? போகட்டும்மா. நானே போய் எத்தன வருசம்," என்றார் புஷ்பா மிஸ்.

"ஹட்டனுக்கு மட்டுமில்லை அக்கா. எந்த நாட்டிலயும் ஆரும் எடுத்துப் பாவிக்கலாம்."

"அப்ப பாஸ்போட் இல்லாமலே போறா. குடுத்து வச்சவ."

எனக்கு நிம்மதி. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் தர்ஷிகா விடவில்லை.

"மாத்தவும் செய்யலாம் அக்கா. கட்டலொக்கில போடுறதெண்டால் அந்த அனுமதியும் குடுக்கவேணும்."

"மாத்துறதுன்னா?"

"தேவையில்லாததை வெட்டலாம். இப்ப... நம்பரை மட்டும் வச்சிட்டு, 'மெதுவா வாங்க'வை எடுக்கலாம்."

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. புஷ்பா மிஸ் எடுத்து, டொக்டர் நாளைக்கும் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவார் என்று யாருக்கோ சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"நம்பர் மட்டுமா?"

"ஓம்."

"நம்பர யாரு வேணும்னாலும் சொல்லலாமேம்மா. அதுக்கு நான் எதுக்கு?"

புஷ்பா மிஸ் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்.

"அத வெட்டிட்டு, எங்கயோ ஒரு எடத்துல என் குரல்ல கூப்பிடுவாங்க. ஒரு வயசான ஆளு பதறி எழும்பி விழுந்துட்டாங்கன்னா? நான் கூப்பிட்டுத்தானே விழுந்தாங்க? வேணாம்மா. அவ இங்கயே இருக்கட்டும்."

நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்க ஐயா. உங்க நம்பர் அடுத்தது."

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது தர்ஷிகாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டலொக்காரர் பதிலுக்குக் காத்திருக்கிறார். ஹட்டனில் மழை விட்டபாடில்லை. சிநேகிதி தினமும் வட்ஸ்அப்பில் கேட்கிறாள்.

"முதல் ஓம் எண்டுதானே சொன்னவ? நீ ஏன் பிள்ளை வெட்டுற கதையை எடுத்தனீ?" என்றேன்.

"அதைச் சொல்லாமக் கேட்டா, அது கேட்டதே இல்லை மாமா."

எத்தனை தாள்களில் வாசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறோம்? எத்தனை முறை போனில் 'சம்மதம்' என்ற பட்டனை, இடையில் நிற்கும் ஈயைக் கலைப்பதுபோலத் தட்டிவிட்டிருக்கிறோம்? நம்மைக் கேட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் கேட்டார்கள்?

சரி, வேறு குரல் தேடுவோம் என்றோம். நானே முன்வந்தேன். கதைப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே தொழில்? பல்கனிக் கதவைச் சாத்திவிட்டுச் சில நம்பர்களைச் சொன்னேன். நடுவில் கடற்கரை ரயில் வேறு தன் பங்குக்குக் கூவியது. தர்ஷிகா அதைப் போட்டுக் கேட்டாள்.

"மாமா, குறை நினையாதேங்கோ. உங்கட குரலில நம்பரைக் கேட்டா, டொக்டர் கைவிட்டிட்டார் எண்டு நினைச்சு ஆக்கள் வீட்ட போயிடுவினம்."

கொம்பியூட்டர் குரலையும் போட்டுப் பார்த்தாள். உச்சரிப்பு சுத்தம். ஆனால் கடன் கேட்கப் போனவருக்கு வாசலில் வைத்தே கிடைக்கும் மரியாதைதான் அதில் இருந்தது.

கடைசியில் அவள் குரலையே வெளியே எடுத்துவிட்டாள். டொக்டரின் நேரத்தை எடுத்தாளே, பிரின்டரின் பெயரை எடுத்தாளே... அதைப்போல. புஷ்பா மிஸ்ஸின் குரல் வெள்ளவத்தையில் தனியாக இருக்கும். பெட்டிக்குள் குரலுக்கு ஒரு வெற்றிடம் மட்டும். எடுக்கிறவர்கள் தங்கள் இடத்து ஆளைக் கொண்டு பதிந்துகொள்ளட்டும்.

கட்டலொக்காரர் லேசில் சம்மதிப்பாரா? ஒருவரும் எதையும் பதியாவிட்டால் ஸ்பீக்கர் மௌனமாகத்தானே இருக்கும், வேலை செய்கிறதா பழுதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தான். எனவே குரல் இல்லாத இடத்தில் ஒரு சின்ன மணிச் சத்தம் வரும்படி செய்தாள். நம்பருக்குப் பின்னால் சொல்லும் வார்த்தைக்கும் தனியாக ஒரு வெற்றிடம் வைத்தாள். அதற்குப் பக்கத்தில், பாவிப்பவர்களுக்கான குறிப்பாக இப்படி எழுதினாள்:

'இதை நிரப்புவது கட்டாயம் இல்லை. ஆனால் வெறுமையாக விடாதீர்கள்.'

இது என்ன விதமான குறிப்பு என்று அவர் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். தர்ஷிகா அவருக்குத் தரை வழுக்கிய கதையையும் புஷ்பா மிஸ்ஸின் பதிலையும் விரிவாக எழுதி அனுப்பினாள். அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பெட்டி கட்டலொக்கில் ஏறியது.

ஹட்டன்காரர் பட்டனை அழுத்தினார். செயலி ஓடியது. சில நாட்கள் வெறும் மணி அடித்திருக்கிறது. பிறகு அந்தக் கிளினிக்கில் வேலை செய்யும் பெருமாள் என்பவரைப் பிடித்துக் குரல் பதிந்திருக்கிறார்கள். சிநேகிதி அதைத் தர்ஷிகாவுக்கு அனுப்பியிருந்தாள். "எல்லாரும் இப்ப உள்ளுக்குத்தான் இருக்கினம்" என்று ஒரு வரியும் கூடவே.

அதைக் கேட்கவைக்கத்தான் நேற்று மறுபடியும் டிஸ்பென்சரிக்குப் போனோம். முழங்காலுக்காக நான் ஒரு நம்பரும் எடுத்துக்கொண்டேன். தர்ஷிகா போனை நீட்டினாள். புஷ்பா மிஸ் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கரகரத்த ஆண் குரல்.

"நம்பர் ஏழு... பாத்து வாங்க, படி இருக்கு."

புஷ்பா மிஸ் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகும் ஒரு தரம்.

"படி இருக்காமே. எங்க?"

"உள்ளுக்கு வாற இடத்தில அக்கா. மழையில வழுக்குமாம்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் டிஸ்பென்சரி வாசலில் படி கிடையாது.

"நல்ல வேள அவ போகல," என்றார். "அவளுக்கு அந்தப் படி தெரியாதே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலே இருந்து அவ என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டா.

மெதுவாகத்தான் போனேன்.