ஃபயர்வோல் கேட்ட கேள்வி

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு வாசல் கடப்படியில் நின்று முன்பின் தெரியாத ஒருவர் ஏதாவது பெயரைச் சொல்லி விசாரித்தால், அது பக்கத்து வீட்டுக்காரரின் பெயராக இருந்தாலும், "தெரியாது" என்றுதான் சொல்வோம். விசாரித்து வந்து ஆட்களைப் பிடித்துப்போன சண்டைக் காலத்தில் வந்த பழக்கம்; இன்னும் போகவில்லை.

புது மடிக்கணினிக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வோலும் ஒரு நாள் இப்படித்தான் விசாரித்தது: இந்த பிரவுசரை இணையத்துக்குப் போக விடலாமா? முகமில்லாத ஒன்றுக்கு நான் ஏன் ஓம் சொல்ல வேண்டும்? "வேண்டாம்" என்று அழுத்தினேன்.

அதன் பிறகு கணினியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. போனில் மட்டும் இணையம் ஓடியது. விற்றவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று கடைக்காரனைப் போனில் கூப்பிட்டு ஏசினேன்.

பக்கத்தில் இருந்த மனைவி கேட்டாள்: "அது உங்களிட்ட ஏதும் கேட்டதா?"

"கேட்டது. வேணாம் எண்டன்."

அவள் சிரித்தாள். "கடப்பைப் பூட்டிப்போட்டு, ஆக்கள் வரல்ல எண்டு கடைக்காரன ஏசுறீங்களே!"

ஃபயர்வோலின் செட்டிங்ஸைத் திறந்து, பிரவுசரின் பெயருக்கு நேரே சரி போட்டேன். உடனே ஒரு பக்கம் திறந்தது. திறந்ததும் அது கேட்டது: நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா?

மனைவியின் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் எண்டு அமத்துங்க."