அவை சிரித்த பாடல்

இன்றைய ஸ்காட்லாந்துப் பாவலர் ஒருவரைப் பற்றி, சென்ற மழைக்காலத்தில் பர்மாவின் யாங்கோன் நகரில், போட்டாதாங் பகுதியில் எங்கள் இலக்கிய அவையில் உரையாற்றினேன். அவர் புதினமும் எழுதுபவர். மீனவக் குடியிற் பிறந்தவர். தம் ஊரார் பேச்சிலேயே எழுதுவதால், அவர் பாடல் படிக்கும் அரங்குகள் நிறைந்து வழிகின்றன. அவரை எம்மவரும் விரும்பிடல் வேண்டும் என்பதே என் வேட்கை.

மழையில் நனைந்து வந்த கணவனை மனைவி கடிந்துகொள்ளும் அவரது நகைச்சுவைப் பாடலை, "நாணிலாய், ஈர உடையொடு இல்லம் புகுந்தனை" என மொழிபெயர்த்துப் படித்தேன். அவை அசையவில்லை.

"ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லையா?" என்று கேட்டேன்.

முதன்முறையாக வந்திருந்த பல் மருத்துவர் மா செல்வி தயங்கி எழுந்து, ஆசிரியரை அழைக்கும் பர்மிய வழக்கில் என்னை விளித்தார். "சயா, கோவிச்சுக்காதீங்க. பாதி புரியல. பெரியவங்கள நிறுத்திக் கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் சும்மா இருக்காங்க."

பல்லாண்டாக அப்பணிவை நான் பாராட்டென்று எண்ணியிருந்தேன்.

பாடலின் பொருளை எளிமையாகக் கூறினேன். மா செல்வி அவையை நோக்கித் திரும்பி, அதைத் தம் பேச்சில் சொன்னார். "கொடை எடுத்துட்டுப் போய்யான்னு சொன்னேனா இல்லையா? இப்ப பாரு, இடுப்புல கட்டுன லோஞ்சி பூரா சேறு. இப்படியே உள்ள வந்தே, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்."

"எங்க வீட்டுக்காரி இங்கயும் வந்துட்டா," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அவை குலுங்கியது. அப்பாவலரின் புகழ் எத்தகையதென அவையோர்க்கு விளக்க வந்தவன் நான். அச்சிரிப்பில்தான் அது எனக்கே விளங்கியது.

அடுத்த பாடலை நான் படிக்கவில்லை. பொருளை மட்டும் மா செல்வியிடம் கூறிவிட்டு, கீழிறங்கி அவையோருடன் அமர்ந்தேன்.