முட்டை லாரிக்காரரின் முதுகு

பாலக்காட்டுக்கு முட்டை லோடு ஓட்டியே மொய்தீனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குழியோ மேடோ, அவர் வண்டியில் முட்டை குலுங்காது. அந்தக் குலுக்கலையெல்லாம் முதுகு வாங்கிக்கொண்டது. அதுவும் எத்தனை காலம்தான் பொறுக்கும்? ஒருநாள் விறைத்துக்கொண்டது, பிறகு இளகவே இல்லை.

ஸ்டியரிங் பிடிப்பதைக்கூட எப்படியோ சமாளித்தார். தொழுகைதான் அவரை வாட்டியது. பள்ளிவாசலில் எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்யும்போது, இவர் மட்டும் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வார். முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று பலரும் சொன்னார்கள். மனசு ஆறவில்லை. நெற்றி தரையைத் தொடாமல் தொழுத நிறைவே வரவில்லை அவருக்கு.

வைத்தியம் பார்க்காமலா இருந்தார்? எலும்பில் குறையில்லை, சதைதான் இறுகிக் கிடக்கிறது, நீராவியும் மசாஜும் எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நம்மாள் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார்.

"வேர்க்கறதுக்கு எதுக்கு புள்ள ஆஸ்பத்திரி? கேபின்ல தினமும் வெந்துட்டுத்தான இருக்கறேன்" என்று மனைவி வஹீதுன்னிசாவிடம் சொல்லிவிட்டு மசாஜுக்கு மட்டும் போனார். கல்லாய்க் கிடந்த முதுகில் கை பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. மறுமுறை அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் வீம்புக்கு நீராவி மட்டும் எடுத்தார். உடம்பு லேசாகிவிட்டது. அந்தக் குஷியில் நேரே லாரியில் ஏறி, வேர்த்த முதுகோடு ஜன்னலைத் திறந்துவிட்டு அவிநாசி தாண்டிப் பறந்தார். பாலக்காட்டில் இறங்கும்போது முதுகு முன்னைவிட மோசமாக இறுகியிருந்தது. லாரிக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய முட்டாள்தனம்!

வஹீதுன்னிசா விடவில்லை. கையோடு கூட்டிப்போய் நாமக்கல்லில் ஓர் இயற்கை வைத்திய நிலையத்தில் உட்கார வைத்தார். மசாஜ் செய்யும் நவீன்குமார் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்காகவே மொய்தீனுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

"பாய், ரெண்டையும் சேர்த்துச் செய்யோணுங்க. நீராவியில சதை எளகுனாத்தான் கை உள்ளார போகும். முடிஞ்சதும் தண்ணி குடிச்சுப்போட்டு, காத்து படாம செத்த நேரம் படுக்கோணும். அன்னைக்கு வண்டியத் தொடக்கூடாதுங்க."

தலை மட்டும் வெளியே தெரிய நீராவிப் பெட்டிக்குள் உட்கார்ந்தார் மொய்தீன். உடம்பு வேர்த்து இளகியதும் குப்புறப் படுத்தார். எண்ணெய்க் கை முதுகில் இறங்கியது. இந்தமுறை உடம்பு எதிர்க்கவில்லை. எத்தனையோ வருட இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க, அப்படியே தூங்கிப்போனார்.

அதன்பிறகு விடாமல் போய்வந்தார். குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இளமை ஒன்றும் திரும்பிவிடவில்லை. தூரத்து லோடு போய்வந்தால் முதுகு இன்னும் முனகத்தான் செய்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலேயே தொழுதார், நாற்காலி இல்லாமல். முடித்தபின் நன்றிக்கென்று தனியாக ஒரு சுஜூது செய்தார். எட்டிப் பார்த்த வஹீதுன்னிசாவுக்குப் பகீரென்றது. நெற்றி தரையில் இருக்க, மனுஷன் வெகுநேரமாக அசையவே இல்லை.

"ஏனுங்க, மறுக்கா புடிச்சுக்கிச்சுங்களா?" என்று பதறி, நவீன்குமாருக்குப் போன் போடவும் போய்விட்டார்.

மொய்தீன் யார் கையையும் பிடிக்காமல் மெல்ல நிமிர்ந்தார். முகமெல்லாம் ஈரம்.

"புடிக்கல புள்ள. உனக்கும் அந்தத் தம்பிக்கும் துவா கேட்டுட்டு இருந்தேன். எந்திரிக்க மனசு வரல."