இருமுறை அழித்த காணி

மங்களேஸ்வரி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

இதை விசாரணை அறையிலேயே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால்தான் துணிவு வந்ததோ என்னவோ!

நான் ஓய்வுபெற்ற படவரைஞன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாத பிறவி. படியேறினால் படிகளை எண்ணுவேன். தேநீர் குடித்தால் மிடறுகளை எண்ணுவேன். வட்டக்கச்சிப் பக்கத்து வயல்களைக் கணினிக்குள் ஏற்றும் ஒப்பந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது, இந்த வியாதியைத்தான் என் தகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

கணினிப் படத்தில் ஒவ்வொரு வயலும் எல்லைக் கோடுகளால் அடைத்த ஓர் உருவம். அதைத் தொட்டால் தரவுத்தளத்தில் ஒரு வரி திறக்கும்: உடையவர் பெயர், பரப்பு, பயிர். ஒரு காணிக்கு ஒரு வரி. காணிகளின் எண்ணிக்கையும் வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துவந்தால் அன்று எனக்குச் சோறு ருசிக்கும்.

ஆனால் எங்கள் மண் அப்படி அடங்குவதில்லையே! மழையோடு விதைக்கும் காலபோகத்தில் எல்லா வயலும் பச்சை. கோடையில் வரும் சிறுபோகத்தில் குளத்து நீர் வாய்க்காலின் கடைக்கோடிக்கு எட்டாது. அதனால் கமக்காரர்கள் கூட்டம் கூடி, குளத்துக்குக் கிட்டவுள்ள தலைப்பு வயல்களை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் எல்லாருக்குமாகப் பங்கிடுவார்கள். கடைக்கோடி வயல்கள் சும்மா கிடக்கும். அவற்றை யாரும் கைவிடவில்லை. அது ஊர் ஒழுங்கு. எனக்கு அது தெரியாதா? தெரியும்!

மங்களேஸ்வரியின் காணி கடைக்கோடியில் இருந்தது. என் பங்குக்கு வந்த காணிகளில் கடைக்கோடி அது ஒன்றுதான். தனியாகவே வயல் செய்கிறவள்.

ஒரு சிறுபோகத்தில் போய்ப் பார்த்துவிட்டு, அவள் வரியில் முன்பு இருந்த 'நெல்' என்பதன் மேல் 'தரிசு' என்று பதிந்தேன். மேலே எழுதினால் கீழே இருந்தது போய்விடும். நாம் வைத்திரு என்று சொல்லாவிட்டால் கணினி அழித்த தடத்தைக்கூட வைத்திருக்காது.

கூட வேலை செய்த தர்சினி தடுத்தாள்.

"சேர், காணி ஒண்டுதான். ஆனா வருசத்தில ரெண்டு வேசம் போடுதே! போகத்துக்கு ஒரு வரியா வேற அட்டவணை வைப்பமே? பழசும் அழியாது."

"ஒரு ஆளுக்கு ரெண்டு அடையாள அட்டை குடுக்கிறவையோ, பிள்ளை?"

"சேருக்கு எண்ணிக்கை குழம்பிப்போடும் எண்ட பயம்" என்று சிரித்தாள்.

அவள் பகிடியாகச் சொன்னாள். அதுதான் உண்மை.

அடுத்த காலபோகத்தில் வெள்ளம் வந்தது. முற்றிய பயிர் முழுவதும் நீருக்குள். நட்டஈட்டுக்குப் பதியும் மேசையில் என்னை இருத்தினார்கள். படத்தில் 'நெல்' என்றிருக்கும் காணியை மட்டும் பதியலாம் என்பது கட்டளை.

மங்களேஸ்வரி வந்தாள். அவள் வரியைத் திறந்து வாசித்தேன்.

"உங்கட காணி தரிசு எண்டு கிடக்கு, பிள்ளை. பதியேலாது."

"தரிசோ? இடுப்பளவு தண்ணிக்க நிண்டு நெல்லைத் தேடினனான் ஐயா! சிறுபோகத்தில சும்மா கிடந்ததைப் பாத்திட்டு ஆரோ விசரன் எழுதியிருக்கிறான்."

அந்த விசரன் அவள் முன்னால் கதிரையில் இருந்தான்.

"மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுங்கோ" என்றேன். அது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவள் எழுதினாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள், அறையில் ஒருவரும் இல்லாதபோது, அவள் வரியைத் திறந்து 'தரிசு' என்பதன் மேல் மறுபடி 'நெல்' என்று பதிந்தேன்.

ஏன் செய்தேன்? பிழையைத் திருத்துகிறேன், இனி அவளுக்குக் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தானா? என் பிழையை ஒருவரும் பார்க்கக்கூடாது என்ற பயம் இல்லையா? இருந்தது... அதுதான் முழுதாக இருந்தது!

விசாரணையில் அதிகாரி படத்தைத் திறந்தார்.

"அம்மா, இதில நெல் எண்டுதானே கிடக்கு! படத்தில பிழையில்லை. நீங்கள்தான் பதிய வராமல் விட்டிருக்கிறியள். இப்ப பதியிற தவணையும் முடிஞ்சுது."

"வந்தனான் ஐயா! தரிசு எண்டு இவர்தான் வாசிச்சுக் காட்டித் திருப்பி விட்டவர்." அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "ஐயா, நீங்கள் அப்பிடித்தானே சொன்னனீங்கள்? இல்லாட்டி எனக்குத்தான் விளங்கேல்லையோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் பதினொரு கதிரைகள். மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள், ஒன்றின் நுனி உடைந்திருந்தது. அவள் கையில் நான்கு காப்புகள்.

"ஞாபகமில்லை, பிள்ளை" என்றேன்.

ஞாபகமில்லை! நான் சொன்னேன் அதை!

பெட்டிசம் தள்ளப்பட்டது. அடுத்த விதைப்புக்கு நெல்லும் இல்லை, வாங்க வழியும் இல்லை. காணியைக் குத்தகைக்குக் கொடுத்தாள். இன்று குத்தகைக்காரன் கூப்பிடும் நாட்களில் தன் வயலிலேயே கூலிக்குக் களை பிடுங்குகிறாள்.

தர்சினி சொன்ன அட்டவணையைப் பிறகு செய்தோம். இப்போது ஒவ்வொரு காணிக்கும் போகத்துக்கு ஒரு வரி. பழையது எதுவும் அழிவதில்லை. ஆனால் நான் அழித்த இரண்டும் அதற்கு முந்தியவை. எங்கே தேடினாலும் அவள் காணியில் பிழை நடந்த தடயம் இல்லை.

இப்போதாவது போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள்... நானும் கேட்கிறேன். அவள் வயலோரத்து வாய்க்கால் கட்டு வரைக்கும் சைக்கிளில் போகிறேன். பிறகு திரும்பிவிடுகிறேன்.

போன கிழமை அவளே என்னைக் கண்டு, சேற்றுக் கையோடு கட்டுக்கு ஏறி வந்தாள்.

"ஐயா, அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால உங்களைச் சங்கடப்படுத்திப் போட்டன். மனசில வைக்காதேங்கோ. நீங்கள் வாசிச்சது வேற ஆரின்ரயோ காணியாக்கும்... நான்தான் பிழையா விளங்கியிருக்கிறன்."

வாய் திறந்தேன். வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"பரவாயில்லை, பிள்ளை" என்றேன்.

அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்!